வந்தவர் வீட்டுக்கெல்லாம் போய்வந்த சகுந்தலா மேடம்

சகுந்தலா மேடம் நேற்று காலை காலமானார்.

செய்தி வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "எந்த நாட்டுல?"

தப்பாக நினைக்காதீர்கள்... மேடத்தைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்களாம். திருவண்ணாமலை பக்கத்து அடி அண்ணாமலையில், சொந்த வீட்டில். காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. படுக்கையில் கிடக்கவில்லை, யாரையும் படுத்தவில்லை.

வேங்கிக்கால் ஆபீசில் எனக்கு சீனியர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிடையர் ஆனதும் காசிக்குப் போவார் என்று ஊரே எதிர்பார்க்க, தன்னந்தனியாக ஜெர்மனிக்குப் போனார்.

அங்கே ஒரு வெள்ளைக்காரப் புருஷன் இருப்பதாக ஆபீசில் வதந்தி. அதை நான் கிளப்பவில்லை... கொஞ்சம் மெருகேற்றியதோடு சரி.

உண்மையான காரணம் அவர் வீட்டு மாடி ரூம். கிரிவலப் பாதையை ஒட்டிய வீடு. வருஷா வருஷம் வெளிநாட்டுப் பெண்கள் வாடகைக்கு வந்து தங்குவார்கள். பெரும்பாலும் தனியாக, ஒரே ஒரு பையோடு.

"நம்ம வீட்டுக்கு வந்தவங்க வீட்டுக்கு நாம ஒரு வாட்டியாவது போவணும் இல்ல சார்? மரியாதை இல்லியா அது?"

மேடத்தின் உலகச் சுற்றுப்பயணத் திட்டம் மொத்தமும் இவ்வளவுதான். விசா ஆபீசில் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டபோதும் இதையேதான் சொன்னாராம்.

லாட்ஜ் செலவு கிடையாது. போன வீட்டில் படுக்கை, பையில் பருப்புப்பொடி. ஊர் ஊராக இறக்கி ஏற்றுகிற மலிவு டிக்கெட்தான் எடுப்பார். "நேரா போயிட்டா நடுவுல இருக்கற ஊரு கோவிச்சிக்காதா?" என்பார்.

நான் சென்னைக்குத் தனியாகப் போனாலே என் மனைவி பஸ் ஏறி, கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்குவார்.

மேடத்தின் தம்பி சேகருக்கு மட்டும் இந்தப் பயணம் எதுவும் பிடிக்கவில்லை. அதே வீட்டில் கீழ்ப் போர்ஷனில் குடும்பத்தோடு இருப்பவர். நல்ல மனுஷன்... ஆனால் அக்கா பெட்டியை எடுத்தாலே துணைக்கு ஆள் தேட ஆரம்பித்துவிடுவார்.

ஒரு முறை என்னையே கேட்டுவிட்டார். நான் மனசுக்குள் ஃபாரின் போய் செல்ஃபியே எடுத்துவிட்டேன். மேடம் குறுக்கே புகுந்து, "இவரக் கூட்டிக்கினு போனா இவருக்கு யாரு துணை?" என்று முடித்துவிட்டார்.

அப்புறம் அந்த ஹானா விவகாரம்.

ஹானா, செக் நாட்டுப் பெண்மணி. பல வருஷமாக அதே மாடி ரூமுக்கு வந்து, சமையல்கட்டிலேயே தமிழ் கற்றவர். ஜெர்மனி போன மேடம் அங்கிருந்து பஸ் பிடித்து ஹானா வீட்டுக்குப் போனார். சொல்லாமல். சொன்னால் பாவம் விழுந்து விழுந்து சமைப்பார்களாம்.

கதவு பூட்டியிருக்கிறது.

அதே நாள் மத்தியானம் சேகர் எனக்கு ஃபோன் செய்து, "சார், கொஞ்சம் வாங்க, ஒரே குழப்பம்" என்றார். போனேன். வாசலில் பையோடு ஹானா. அவரும் சொல்லாமல் வந்திருக்கிறார். அந்த நல்ல பழக்கத்தை அவர் யாரிடம் கற்றார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் இருக்கிற ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி ஒரு வாக்கியம் ஆரம்பித்தேன். "சார், தமிழ்லயே பேசுங்க" என்றார் ஹானா.

வீடியோ காலில் மேடம் வந்தார். பூட்டிய ஹானா வீட்டுப் படிக்கட்டில், மடியில் முறுக்கு டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சேகருக்கு வரவில்லை.

"இதுக்குத்தான் தனியா போவாதனு அடிச்சிக்கினேன். நாளைக்கே கெளம்பி வா. இதோட போதும்க்கா. வந்ததும் பாஸ்போர்ட்ட எங்கிட்ட குடுத்துடு."

ஆபீசில் எந்த அதிகாரிக்கும் பதில் பாக்கி வைக்காத மேடம்... அன்றைக்கு டப்பாவின் மூடியைத் திறந்தார், மூடினார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஹானாதான் பேசினார். "சேகர் அண்ணா, நானும் தனியாதான் வந்தேன். என்னையும் நாளைக்கே அனுப்பிடுவீங்களா?"

"ஐயோ, நீங்க எங்க வீட்டுக்கு வந்தவங்க. உங்கள எப்பிடி அனுப்புவேன்?"

"அக்கா என் வீட்டுக்கு வந்தவங்க."

சேகர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

சேகர் உள்ளே திரும்பி மனைவியிடம் தோசைக்கல்லைப் போடச் சொன்னார். அப்புறம் ஃபோன் பக்கமாகக் குனிந்து, சன்னமாக, "குளிருதாக்கா? எதனா சாப்ட்டியா?" என்றார்.

ஹானாவின் வீட்டுச் சாவி அங்கே கீழ்வீட்டுத் தாத்தாவிடம் இருந்தது. மேடம் அங்கே ஹானா வீட்டில், ஹானா இங்கே மேடம் வீட்டில். அங்கே தினமும் வாசலில் கோலம். இங்கே ஹானா தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க நின்று, முறை தவறி வந்த ஓர் அம்மாளோடு சண்டை போட்டு ஜெயித்தார்.

பாஸ்போர்ட் கைமாறவில்லை. அதற்கப்புறம் மேடம் போன நாடுகளை என்னால் உச்சரிக்கக்கூட முடியாது.

இன்று துக்கத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு சேகர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹானா துக்கம் விசாரிக்க அடுத்த வாரம் வருகிறாராம். தனியாகத்தானாம்.

ஏர்போர்ட்டுக்கு யாராவது போக வேண்டுமா என்று கேட்டேன்.

சேகர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்கு சார்? அவங்களே வந்துடுவாங்க."

மாடி ரூமைப் பெருக்கி வைக்க அவரே எழுந்து போனார்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், மேடம்...