வாய் மூடாத பல்செட்டு

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் பல் லேப்பில், கையால் அடித்து அழுத்தம் ஏற்றும் ஹைட்ராலிக் பிரஸ் ஒன்று இருக்கிறது. பல்செட்டு அச்சை அதில் வைத்து நிதானமாக அழுத்தினால்தான், ஈறாக இறுகும் அக்ரிலிக் மாவில் மிஞ்சியது வெளியே பிதுங்கும். எங்கள் முதலாளிக்கு நிதானம் என்றாலே அலர்ஜி.

"மெதுவா, பாஸ்" என்றேன்.

"கல்யாணப் பொண்ணோட அப்பா பல்லு, அர்ஜன்ட் லா!" என்றவர், ஜிம்முக்கு வந்தவர்போல் கைப்பிடியை மடமடவென்று அடித்தார். மிஞ்சிய மாவு உள்ளேயே தங்கி, செட்டு தடித்துவிட்டது.

கிள்ளானில் நடந்த மகள் கல்யாணத்தில் அந்த அங்கிளால் கடைசிவரை வாயை மூட முடியவில்லை. எல்லாப் படத்திலும் பல்தான். அதில் ஒன்றை வாங்கிப் பெரிதாக்கி, முதலாளி லேப் வாசலில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டுகிறார்:

"மனுஷன் எப்படிச் சிரிக்கிறாரு பாருங்க! நம்ம வேலை லா!"