ஆயுத பூஜைக்கு வைத்த பொம்மைத் துப்பாக்கி

நடந்தவை வரிசையாக:

1. தண்ணீர் வற்றிய ஒரு கிரகத்தில் கடைசிக் குளத்தைக் காவல் காக்கும் பெண் என்று நானே ஒரு பாத்திரத்தைக் கற்பனை செய்து, அவளுக்கு உடையும் துப்பாக்கியும் செய்தேன்.
2. படப்பிடிப்புகளுக்குப் பொருட்கள் செய்து தரும் சென்னைக் கூடம் ஒன்றில் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வரச் சொன்னார்கள். செய்த பொருள் கையில் இருக்க வேண்டும், புகைப்படம் செல்லாது என்றார்கள்.
3. அந்த வாரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. அப்பா என் துப்பாக்கிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்.
4. அண்ணன் அதைக் கையில் பிடித்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டான்.
5. மறுநாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள்.

வெளியூர்த் தோழிகளிடம் சொன்னால் மூன்றாவதில் நின்றுவிடுகிறார்கள். பொம்மைக்கு எதற்குப் பூஜை என்று கேட்கிறார்கள். அப்பா ராஜபாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுப்பது அவர் தொழில். எங்களுக்குச் சோறு போடுகிற எல்லாவற்றுக்கும் அன்றைக்குப் பொட்டு உண்டு. லேத், டிரில்லிங் மெஷின், ஸ்பேனர்கள், லோடு வண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் மாமா தன் தோப்பிலிருந்து கொண்டுவந்து வைக்கும் அரிவாள்கள். நான் டிப்ளமோ முடித்து ஒரு மில்லில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்ததிலிருந்து என் வெர்னியர் அளவுகோலும் அந்த வரிசையில் உண்டு.

துப்பாக்கியை நான் கொண்டுபோய் வைக்கவில்லை. அப்பாதான் என் அறைக்கு வந்தார். "இதையும் எடுத்துக்கிடட்டா பிள்ள? இனிமே இதுதான ஒனக்குத் தொழிலு" என்றார். நான் மாதக்கணக்கில் அதைச் செய்துகொண்டிருந்தபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர். எடுத்துக் கொடுத்தேன். அரிவாள்களுக்குப் பக்கத்தில் வாழை இலையில் கிடத்தி, குழல் நெடுகச் சந்தனம் தடவினார்.

பார்க்க அசலாக இருந்தது. அசலாகத் தெரிய வேண்டும் என்றுதான் செய்தேன். உடல் மரப்பலகை. குழல் பிளம்பிங் பைப். அதைச் சுற்றி நிற்கும் குளிரூட்டும் உருளைகள், எங்கள் மில்லில் கழித்துப்போட்ட, நூல் சுற்றும் பிளாஸ்டிக் பாபின்கள். பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, கறுப்பு அடித்து, அதன் மேல் பென்சில் கரித்தூளைத் துணியால் தேய்த்தால் இரும்பின் மினுமினுப்பு வரும். தேய்மானம் கை படுகிற இடத்தில்தான் இருக்க வேண்டும், கண்ட இடத்தில் கீறினால் பொய் தெரிந்துவிடும். பிடிக்குள் அப்பாவின் பட்டறையில் கேட்டு வாங்கிய ஒரு இரும்புத் துண்டை வைத்தேன். கனம் இல்லாத துப்பாக்கியைப் பிடிக்கிறவரின் மணிக்கட்டே காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு, பொம்மை என்று எவருக்கும் தெரியும்படி குழல் முனையில் ஆரஞ்சு டேப் சுற்றினேன்.

அண்ணன் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டமும் கயிறேற்றமும் முடித்து, நன்னடத்தை விசாரணைக்குக் காத்திருந்தான். பூஜை முடிந்ததும், "செத்த நேரம் குடு பிள்ள" என்று துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனான். திரும்பி வந்தபோது டேப் இல்லை. "போட்டோல அது அசிங்கமா தெரியுது" என்றான். புதிதாகச் சுற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவன் போட்ட ஸ்டேட்டஸை நான் பார்க்கவில்லை. ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் வாசித்துக் காட்டித்தான் தெரிந்தது.

"'எங்க வீட்டு ஆயுதம். எதிரிகள் கவனிக்க.' எந்த எதிரி தம்பி? பேரு சொல்லு, நாங்களும் கவனிக்கோம்."

எங்கள் பக்கத்தில் அரிவாளோடு படம் போட்டவர்கள்மீதே வழக்குப் பாய்கிறது. குங்குமப் பொட்டு வைத்த துப்பாக்கியை எப்படி விடுவார்கள்? அண்ணனுக்காகப் பேச ஸ்ரீவில்லிபுத்தூர் மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி, ஓய்வுபெற்ற எஸ்.ஐ. அப்பா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல சுட முடியுமாம்மா?"

"முடியாது சார். விசை அசையாது, ஒட்டினது. குழலும் உள்ள அடைச்சிருக்கு."

டார்ச் அடித்துப் பார்த்தார். கையில் தூக்கினார். "கனமா இருக்கே?"

காரணத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "எல்லாம் சரி. முனையில ஒரு கலர் காட்டணும்னு தெரியாதா?"

நான் வாயெடுக்கும் முன் அண்ணன் சொன்னான்: "நான் அப்பவே சொன்னேன் சார். இவதான் கேக்கல."

"ஒட்டியிருந்தேன் சார். இவன்தான்..."

மாமாவின் செருப்பு என் கால் விரல்களின் மேல் ஏறியது. "சின்னப் பிள்ள சார். வெளையாட்டுத்தனமா செஞ்சிட்டா" என்றார். எனக்கு இருபத்தைந்து வயது.

எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். துப்பாக்கியைச் செய்தது நான். அதுவரை உண்மை. படத்தை ஸ்டேட்டஸில் போட்டதும் நான், அண்ணனுக்குத் தெரியாமல் அவன் போனை எடுத்துப் போட்டேன். அந்த இடத்தில் பேனாவை நிறுத்தினேன். மாமா குனிந்து காதில் சொன்னார்: "கெட்ட பேரு ஒனக்கு வந்தா என்னட்டி? நீ என்ன போலீசுக்கா போப்போற? நாளைக்கு ஒன்னக் கட்டிக் குடுக்கிற வீட்டுல சோறு பொங்குறதுக்கு வெரிஃபிகேஷன் கெடையாது."

அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் தாளை வாசித்தார். நம்பியதாகத் தெரியவில்லை. "கேஸெல்லாம் வேண்டாம். பைக்குள்ள வச்சுக் கொண்டுபோம்மா, வெளிய காட்டாத. நல்லாத்தான் செஞ்சிருக்க" என்று துப்பாக்கியை என்னிடமே கொடுத்தார்.

வெளியே வந்ததும் மாமா அப்பாவிடம், "இத ஒங்க தெருவுக்குக் கொண்டுபோக வேண்டாம் மச்சான். நம்ம வீட்டுல பத்திரமா இருக்கட்டும். சனிக்கெழம இவ அங்கேயே பஸ் ஏறட்டும்" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. நன்றி கூடச் சொன்னேன். அண்ணன் லோடு வண்டியை ஓட்ட, மாமா முன்னால் உட்கார, அப்பாவும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் குலுங்காமல் இருக்கத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.

மாமா வீட்டு வாசலில் இறங்கியதும் கை நீட்டினார். "குடு, வைக்கேன்."

கொடுத்தேன். சிமெண்டுத் தளத்தில், வண்டியின் பின் சக்கரத்துக்குப் பின்னால், துண்டோடு வைத்தார். "மாப்ள, ரிவர்ஸ் எடு."

"எதுக்கு மாமா?" என்றான் அண்ணன்.

"வெசாரிக்க வாரவன் எங்கல அந்தத் துப்பாக்கின்னு கேட்டா? ஒடச்சிப் போட்டாச்சுன்னு சொல்லணும்லா. எடுலே."

நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். அத்தை வந்து என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டாள். அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் விலகிவிட்டேன் என்று உறுதி செய்துகொண்டு வண்டியை எடுத்தான்.

சக்கரம் ஏறி இறங்கியது. மாமா துண்டை விலக்கினார். பாபின்களில் இரண்டு தெறித்திருந்தன, மற்றபடி முழுதாக இருந்தது.

"ஏட்டி, உறுதியாத்தான் செஞ்சிருக்க!" என்றார். அத்தை சிரித்தாள். "இவள ரோடு போட விட்ருக்கலாம்" என்றாள்.

மறுபடி எடுக்கச் சொன்னார். இந்த முறை சக்கரத்தைத் துப்பாக்கியின் மேலேயே நிறுத்தித் திருப்பினான். குழலும் உடலும் சேரும் இடத்தில் உடைந்தது. ஒட்டு விடவில்லை, பலகைதான் பிளந்தது. அங்கே மரத்தின் இழைக்குக் குறுக்கே ஒரு பட்டை கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

அப்பா அருகில் வந்தார். "விடு பிள்ள. மறுபடி செஞ்சிக்கிடலாம்."

"ஞாயித்துக்கெழமைக்குள்ளயாப்பா?"

அப்பா குனிந்து, உடைந்த பிடிக்குள்ளிருந்து இரும்புத் துண்டை உருவி, துடைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது பட்டறைச் சாமான்.

திரும்பி வரும்போது அண்ணன் வண்டியோட்டியபடியே ஜன்னல் வழியாகப் பின்னால் கத்தினான்: "கோவமாட்டி? வேல கெடைக்கட்டும், ஒனக்கு அசலையே காட்டுதேன்!" மாமா இல்லாததால் அவன் கொஞ்சம் அன்பாகப் பேசினான்.

உடைந்த துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் போனேன். கூடத்தில் அவற்றை மேசைமேல் வரிசையாக வைத்தேன். அங்கே மூத்தவராக இருந்தவர் கரித்தூள் பூச்சை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எப்படி உடைந்தது என்று கேட்டார். வண்டி ஏறிவிட்டது என்றேன். சிரித்தார்கள். வேடிக்கைக்காரி என்று நினைத்தார்கள் போல.

"வேலைப்பாடு நல்லா இருக்கு. ஆனா ஷூட்டிங் ஸ்பாட்டுக்கு முழுசா வந்து சேராத பொருளை வச்சு நாங்க என்ன பண்றதும்மா?" என்றார் மூத்தவர். தலைக்கவசம் செய்து கொண்டுவந்திருந்த ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். தலைக்கவசம் நன்றாகவே இருந்தது. உட்புறம் மட்டும் சரியாகத் தேய்க்கப்படவில்லை.

இப்போதைய நிலை இது. விசாரணைக்கு வந்தவர் துப்பாக்கியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அண்ணன் பயிற்சியில் இருக்கிறான். நான் எழுதிக் கொடுத்த தாள் ஸ்டேஷனில் இருக்கிறது. மில்லில் அதே பிரிவில் வேலை பார்க்கிறேன். மாமா வீட்டுக்குப் போவதில்லை. சென்னைக் கூடத்தில் அதற்குப் பிறகு ஆள் எடுக்கவில்லை. இரண்டாவது துப்பாக்கியை நான் தொடங்கவில்லை.