அம்மா ஓட்டிய இரண்டு சுற்று

என் அம்மா ஈப்போவில் உள்ள ஒரு ரயில் கிளப்பில் உறுப்பினர். உள்ளங்கையில் அடங்கும் எஞ்சினும் விரல் நீளப் பெட்டிகளுமாக, மேசைமேல் ஓடுகிற ரயில். பொம்மை ரயில் என்று சொன்னால் அங்கே யாருக்கும் பிடிக்காது. மாதிரி ரயில் என்று சொல்லவேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, பூத்தோட்டத்தில் ரோஜாவும் செவ்வந்தியும் கட்டிக் காய்த்துப்போன கையோடு அம்மா மலையிறங்கிப் போகிறாள். முதல் தடவை போனபோது நானும் கூடப் போனேன். அன்றோடு அந்தக் கிளப் அவளுக்கு முடிந்துபோயிருக்க வேண்டும். முடியாமல் போனதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா தாப்பா ரோடு பக்கம் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவள். அவளுடைய அப்பா தண்டவாளம் பழுது பார்க்கும் கூட்டத்தில் இருந்தார். ரயில் போகும்போது அலமாரியில் பீங்கான் கோப்பைகள் கிணுகிணுக்கும் வீட்டில் வளர்ந்துவிட்டு, கல்யாணமாகி கம்போங் ராஜாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தாள். அந்தக் கேமரன் மலைக்கு ரயில் கிடையாது. அப்பா தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். லோரிச் சத்தத்துக்கு எங்கள் வீட்டில் எதுவும் கிணுகிணுத்ததில்லை.

எனக்கு எட்டு வயதானபோது தோட்டத்துச் சின்னத் துரை மாற்றலாகிப் போனார். அவர் வீட்டைக் காலி செய்ய உதவப் போன அம்மா, குப்பைக்கு ஒதுக்கியிருந்த ஓர் அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கிவந்தாள். ஓர் எஞ்சின், மூன்று பெட்டி, ஒரு வட்டத்துக்குப் போதுமான தண்டவாளம். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “மலைக்கு ரயிலு வராதுன்னு இவளே கொண்டாந்துட்டா” என்றார்.

பழைய கதவு ஒன்றைக் காய்கறிக் கூடைகள்மேல் கிடத்தி அம்மா அதில் ஓர் ஊரே கட்டினாள். செய்தித்தாளும் மைதாப் பசையும் மலையாயின. பஞ்சுத் துண்டுகளில் தேயிலைத் தூளை ஒட்டிச் செடி வைத்தாள். ஆகவே எங்கள் மலையில் தேயிலை வாசமும் அடிக்கும். விருந்தாளி வந்தால் மலைகளைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, கதவைச் சுவரில் சாய்த்துவிடுவோம். எஞ்சின் ஒரு வளைவில் தவறாமல் நின்றுபோகும். எவ்வளவோ பார்த்தும் சரியாகாததால் அந்த இடத்தில் அம்மா ஒரு ஸ்டேஷன் வைத்துவிட்டாள். அதன்பிறகு அது நிற்பதில் யாருக்கும் குறை இல்லை. நான் விரலால் தள்ளிவிட்டால் மறுபடி கிளம்பும். எப்போது ஓட்டலாம், எவ்வளவு வேகம் என்றெல்லாம் எங்கள் வீட்டில் சட்டம் இருந்ததில்லை. கோபம் வந்தால் நான் ரயிலைக் கவிழ்ப்பதும் உண்டு.

கம்போங் ராஜாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே, அம்மா அடிக்கடி மெல்லிய கம்பி வாங்குவதைப் பார்த்து விஷயம் கேட்டார். ஈப்போவில் தன் மச்சான் போகிற கிளப்பைப் பற்றிச் சொன்னது அவர்தான். வெளியாட்கள் தங்கள் ரயிலைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கிற நாள் ஒன்று வருகிறது என்றார். அதற்கு இரண்டு மாதம் இருந்தது. அம்மா அந்த இரண்டு மாதமும் எஞ்சின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு காலையில், அப்பாவுக்குத் தெரிந்தவரின் காய்கறி லோரியில் முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனோம். எஞ்சினும் மூன்று பெட்டியும் தூக்குச்சட்டிக்குள், என் பழைய பாவாடைத் துணியில் சுற்றி, அம்மா மடியில் இருந்தன. வளைவு வரும்போதெல்லாம் அவள் என்னைப் பிடிக்கவில்லை, சட்டியைப் பிடித்தாள்.

கிளப் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. நான்கு சுவரையும் ஒட்டி மேசைகள், அவற்றின்மேல் ஆறும் பாலமும் சுரங்கமும் ஊர்களும். பதினைந்து பெட்டி வைத்த ரயில்கள் எங்கேயும் நிற்காமல் போயின. எங்கள் கதவு ரயில் எனக்கு உடனே அற்பமாகிவிட்டது. ஆனால் அங்கே சுவரில் சட்டங்களும் தொங்கின. பன்னிரண்டு வயதுக்குக் கீழே ஓட்டக்கூடாது. சிவப்பு சிக்னலில் நிற்கவேண்டும். விபத்து செய்தவர் அடுத்த கூட்டம்வரை ரயிலைத் தொடக்கூடாது.

தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர், சீனர். பல் பார்க்கிற கண்ணாடியால் எங்கள் எஞ்சினின் அடிவயிற்றைப் பார்த்து, ஒரு முடிக்கற்றையை இழுத்து எடுத்தார். என் முடிதான். அதன்பிறகு எஞ்சின் நிற்கவே இல்லை. குமிழ் வைத்த சின்னப் பெட்டி ஒன்றை அம்மா கையில் கொடுத்தார். குமிழைத் திருப்பினால் ரயில் ஓடும், பழைய இடத்துக்கே திருப்பி வைத்தால் நிற்கும். அம்மாவின் மூன்று பெட்டி ரயில் அந்த அறையைச் சுற்றி ஒரு முறை முழுதாக வந்தது. நான் கூடவே நடந்தேன். இரண்டாவது சுற்றில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் உதடு லேசாகத் திறந்திருந்தது. வீட்டில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது சுற்று தொடங்கும்போது சிவப்பு எரிந்தது. குறுக்கே ஒரு நீண்ட கூட்ஸ் வண்டி வரவேண்டியிருந்தது. அதை ஓட்டியவர் நிஜ ரயிலிலேயே டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற மலாய்க்காரர். எல்லாரும் மாமா என்பது போல அவரைப் பாக்சிக் என்றார்கள். கூட்ஸின் எஞ்சினை அவரே பித்தளையில் செய்திருந்தார். அம்மா ரயிலை நிறுத்தினாள். அதே நேரம் டாக்டர் ஒரு சுரங்கத்தைக் காட்டக் கூப்பிட்டார். அவள் குமிழ்ப் பெட்டியை மேசை விளிம்பில் வைத்தாள்.

“தொடாதே. சேப்பு எரியுது. பச்சை வந்தாத்தான் போலாம்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது? வீட்டில் நான் எதற்கும் காத்திருந்ததில்லை. குமிழைக் கொஞ்சமாகத்தான் திருப்பினேன். எங்கள் ரயில் துள்ளிக் கிளம்பி, நேரே போய் அந்தப் பித்தளை எஞ்சினின் விலாவில் இடித்தது. எஞ்சின் மேசையிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. நான் குமிழைத் திருப்பி வைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அம்மா திரும்பினாள். தரையைப் பார்த்தாள், குமிழைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பாக்சிக்கிடம் போய், என் தப்புதான், சரியாக நிறுத்தாமல் வந்துவிட்டேன் என்று மலாயில் சொன்னாள்.

புதிதாக வந்தவர், பரவாயில்லை, இன்னொரு சுற்று ஓட்டட்டும் என்று டாக்டர் சமாளித்தார். அம்மா சுவரில் இருந்த சட்டத்தைக் காட்டித் தலையை ஆட்டினாள். குமிழ்ப் பெட்டியை அவரிடமே கொடுத்துவிட்டுப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. எங்களை ஏற்றிப்போக லோரி நான்கு மணிக்குத்தான் வரும்.

பாக்சிக் உடைந்த எஞ்சினோடு வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். புகைக்குழாய் கழன்று, சக்கரங்களை இணைக்கும் கம்பி வளைந்திருந்தது. ஒரு கையால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஈயம் பற்றவைக்கப் பார்த்தார். அம்மா கேட்காமலே எஞ்சினை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். தினமும் பூங்கொத்து கட்டுகிற விரல்கள், அசையவே இல்லை. அவர் சூடு வைக்க, அவள் பிடிக்க, மற்றவர்கள் ரயில் ஓட்டிக்கொண்டிருக்க, மத்தியானம் அப்படியே போனது. தாப்பா ரோடு என்று அம்மா சொன்னதும், அந்த ஸ்டேஷனை ஆயிரம் தடவை தாண்டியிருக்கிறேன் என்றார் அவர். அப்படியானால் எங்கள் வீட்டுக் கோப்பைகளை ஆட்டியது நீங்கள்தான் என்று அம்மா சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

புறப்படும்போது, அடுத்த மாதம் அவசியம் வரவேண்டும் என்று பாக்சிக் அம்மாவிடம் சொன்னார். என்னிடம் வயது கேட்டார். பத்து என்றேன். “பத்து வயசுல என் கையும் சும்மா இருக்காது” என்றார். தன் சின்ன வயசைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

லோரியில் அம்மா என்னைத் திட்டவில்லை. இந்த முறை தூக்குச்சட்டி காலடியில் இருந்தது. வளைவுகளில் அவள் கை என் தோளைச் சுற்றியிருந்தது. அப்பா அன்று சாயங்காலம் எப்படிப் போச்சு என்று கேட்டார். “ரெண்டு சுத்து ஓட்டினேன்லா. நல்லா ஓடுச்சு” என்றாள் அம்மா.

மறுநாள் நான் பள்ளி விட்டு வந்தபோது கதவு ரயிலில் புதிதாக ஒன்று நின்றது. குச்சியில் குத்திய ஒரு பாட்டில் மூடி, ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. அம்மா என்னை உட்காரவைத்து, சிவப்பைத் திருப்பி வைத்தாள். தான் திருப்புகிறவரை ஓட்டக்கூடாது என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய், ஒரு பானை சோறு வடித்து, மெதுவாகத் திரும்பி வந்துதான் பச்சையைக் காட்டினாள். கிளப்பைப் பார்த்து அம்மாவும் ஆசைப்பட்டு சிக்னல் வைக்கிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அன்று எனக்கு எவ்வளவு நிம்மதி! எல்லாம் தெரிந்தும் ஒருவர் சும்மா இருக்கமுடியும் என்பதை அந்தப் பத்து வயதில் நான் அறியவில்லை. அப்படி ஒருத்தி காட்டிய பச்சையில்தான் அன்று ரயிலைக் கிளப்பினேன் என்பதும் தெரியவில்லை.