கோச் தட்டிய கதவு

கோச் செத்துப்போய்விட்டார். காலையில் சுதன் வட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தான்.

பெயர் லெஸ்லி. மெல்பேர்ன்காரர். தொண்ணூறுகளில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் கிரிக்கெட் ஆடிய அதே கிரவுண்டில் அவருடைய கிளப் அவுஸ்திரேலியன் ஃபுட்போல் ஆடும். முட்டை மாதிரி ஒரு பந்து... உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், அடுத்தவன் முதுகில் ஏறியும் பாயலாம்.

ஆள் போதாமல் ஒருநாள் என்னையும் சுதனையும் கூப்பிட்டார். ஸ்லிப்பில் நின்று பழகிய கைகள். பந்து நழுவவில்லை.

மெல்பேர்னில் பெரிய லீக்கில் நாலு வருடம் ஆடியவர். ஃபைனலுக்கு முதல் அவரை டீமில் இருந்து தூக்கிவிட்டார்கள். ஒருவரும் சொல்லவில்லை. பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். பிறகு முழங்கால் போனது. ரொறன்ரோக்காரியைக் கட்டி இங்கே வந்து பேக்கரி வான் ஓட்டினார். சனிக்கிழமைகளில் கோச்.

அதனால் ஒரு பழக்கம். யாரை டீமில் இருந்து நிற்பாட்டினாலும் அவன் வீட்டுக்கே போய் முகத்துக்கு நேரே சொல்வார்.

பெரிய நியாயவான் என்று சொல்லமாட்டேன். ஃபக்டரியில் ஷிஃப்ட் மாற்றித் தராததால் எனக்கு இரண்டு பிராக்டிஸ் தவறியது. திரும்பக் கேட்டால் நாளைக்கு வராதே என்பார்கள். அது அவருக்கு விளங்கவே இல்லை. இரண்டு பிராக்டிஸ் தவறினால் மட்ச் இல்லை. ரூல் என்றால் ரூல்.

ஃபைனல் அன்று பூட்ஸோடு போய் நிற்கிறேன். சுதன்தான் சொன்னான். "மச்சான், லிஸ்ட்டில உன்ர பேர் இல்லையடா."

சீசன் முழுக்க ஆடியவன் நான்.

கோச் ஓடி வந்தார். இரண்டு தரம் வீட்டுக்கு வந்தாராம். அப்படி ஒருவரும் இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார்களாம்.

பொய் சொல்லவேண்டாம் என்றேன். எல்லார் முன்னாலும். நான் பஸ் ஏறினேன்.

வீட்டில் அம்மாவைக் கேட்டேன்.

"ஓம், ஒரு வெள்ளைக்காரன் ரெண்டு தரம் வந்தவன். உன்ர பேரைச் சொல்லிக் கேட்டவன். இமிகிரேஷன் எண்டு நினைச்சு நோ எண்டு சொல்லிப்போட்டன். நீ பயப்பிடுவாய் எண்டு உனக்குச் சொல்லேல்லை."

எங்கள் அகதிக் கேஸ் அப்போது முடியவில்லை. சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் மாடிக்கு வந்து கதவைத் தட்டிய வெள்ளைக்காரர் எவரும் நல்ல செய்தி கொண்டு வந்ததில்லை. இவரும் கொண்டு வரவில்லைதான்.

அடுத்த சனிக்கிழமை போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை...

சரி கோச். நீங்கள் வந்தது உண்மை. அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டா.