மேலே திரும்பாத உள்ளங்கை

சலவைக்கூடத்தில் அவளுக்குப் புயல் என்று பெயர். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை மற்றவர்கள் உதறி முடிப்பதற்குள் அவள் மடித்து அடுக்கியிருப்பாள். "மெதுவா செய்டி, எங்க பொழப்புல மண்ணைப் போடாதே" என்று தோழிகள் கேலி செய்வார்கள். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய முதல் வாரத்திலேயே, சோப்புத் தண்ணீர் வழிந்த தரையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு நொறுங்கிப் போனது. அறுத்து, தகடு வைத்து, திருகாணி முடுக்கினார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். "குழந்தைய எப்ப தூக்கலாம்?"

"எலும்பு சேர்ந்துரும்மா. வலி போகத்தான் நாளாகும்," என்றார் டாக்டர்.

கணவன் டெலிவரி வேன் ஓட்டுகிறவன். விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவான். அவனுடைய அக்கா ஒரு பள்ளி விடுதியில் சமையல்காரி. கட்டியவன் விட்டுவிட்டுப் போய், பிள்ளைகுட்டி இல்லாத ஒண்டிக்கட்டை. தம்பி போனில் சொன்னதுதான் தாமதம், சம்பளமில்லா விடுப்பில் ஒற்றைப் பையோடு வந்து இறங்கிவிட்டாள்.

வலி ஒரு மாதிரியாக இருக்கவில்லை. பகலில் விண்விண் என்று தெறிக்கும். படுத்தால் கட்டுக்குள் நெருப்பாக ஓடும். ஒற்றைக் கையால் பிள்ளையை மார்போடு அணைக்க வரவில்லை. பால் வற்றி, புட்டிக்கு மாறியாயிற்று. அந்தப் புட்டியின் மூடியைக்கூட அவளால் திறக்க முடியவில்லை. நாத்தனார்தான் அவளுக்குத் தலை வாரினாள், சோறு ஊட்டினாள், சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டாள்.

"இதுக்குப் போய் அழுவாங்களா? என் கை என்ன, உன் கை என்ன?" என்பாள்.

கட்டுப் பிரித்தபோது கை சுள்ளியாக இளைத்து, தோல் உரிந்து, யாருடையதோ போல இருந்தது. "உள்ளங்கைய மேல பாத்துத் திருப்புங்க, தண்ணி ஏந்துற மாதிரி" என்பார் பயிற்சி கொடுக்கும் பெண். பாதியில் நின்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு நெல்லளவு திருப்புவாள். மறுநாள் காலையில் அதுவும் இறுகியிருக்கும். பிள்ளையை ஏந்துவதற்கும் அந்தத் திருப்பம்தான் வேண்டியிருந்தது.

இதற்குள் குழந்தை தவழத் தொடங்கிவிட்டது. ஒருநாள் மேசைக் காலில் முட்டிக்கொண்டு வீறிட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் இடக்கையை நீட்டி, "வாடி கண்ணு" என்றாள். குழந்தை அவளைத் தாண்டித் தவழ்ந்து, நாத்தனார் இருந்த சமையலறைக்குப் போயிற்று.

கொஞ்சம் கனம் தூக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினாள். "அம்மாகிட்ட போ செல்லம்" என்று நாத்தனார் கொடுத்தாள். குழந்தை வில்லாக வளைந்து திமிறியது. மணிக்கட்டில் வலி வெட்டி இழுக்க, பிடி விட்டுப்போயிற்று. நாத்தனார் பாய்ந்து தாங்கிக்கொண்டாள். அவள் தோளில் முகம் புதைத்ததும் குழந்தை சட்டென்று அடங்கியது.

அந்த அடக்கத்தைத்தான் பெற்றவளால் பார்க்க முடியவில்லை.

"கையொடிஞ்சவகிட்ட பிள்ளையைப் பறிச்சுக்கிட்டீங்க," என்று சொல்லிவிட்டாள்.

நாத்தனார் குழந்தையோடு உள்ளே போனாள். குழந்தையைத் தூங்கவைத்து, பாத்திரம் துலக்கி, மறுநாள் காலையில் பையைக் கட்டினாள். "தப்பா சொல்லிட்டேன், இருங்கக்கா" என்று சொல்லத்தான் இவள் வாசல்வரை பின்னாலேயே போனாள். நாத்தனாரே சொன்னாள்: "நீ சொன்னதுக்காக இல்லடா. நான் இருந்தா அது உன்கிட்ட வராது."

குழந்தை தேடியது. சமையலறைக் கதவைத் தட்டித் தட்டி எட்டிப் பார்த்தது. ஊட்டினால் துப்பியது. அழுது அழுது தொண்டை கட்டியது. அவள் இடுப்பில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டு தெறிக்கத் தெறிக்க, அறைக்குள்ளேயே நடந்தாள். வேறு போக்கில்லாமல் ஒருநாள் அது அவள் தோளில் சாய்ந்தது.

"பாத்தியா, வந்துட்டா" என்று கணவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

போனில் நாத்தனார் கேட்டாள். "என்னைத் தேடினாளா?"

"தேடினாக்கா. ரொம்ப."

"கைக்குப் பயிற்சிய விட்டுடாத" என்ற குரல் மட்டும் வந்தது.

குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள். யாரும் இப்போது புயல் என்று கூப்பிடுவதில்லை. ஈரத்துணியைப் பிழிய வேண்டாத, உருப்படி எண்ணும் இடத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். உள்ளங்கை முக்கால்வாசி திரும்புகிறது. அதற்குமேல் திரும்பாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

பள்ளி விடுமுறையில் நாத்தனார் வந்தாள். பொம்மையை நீட்டி, "குட்டி, யாரு வந்திருக்கா பாரு" என்று முட்டிபோட்டு உட்கார்ந்தாள். நடக்கப் பழகியிருந்த குழந்தை ஒரு நொடி உற்றுப் பார்த்துவிட்டு, ஓடிப்போய்த் தாயின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"போடி, அத்தைடி, போ" என்று அவள் குனிந்து குனிந்து கெஞ்சினாள். குழந்தை அசையவில்லை. நாத்தனார் பொம்மையைத் தரையில் வைத்துவிட்டு, "பாவம், விடு, சின்னப் பிள்ளை மறக்காம என்ன செய்யும்" என்று எழுந்து, முகம் கழுவப் போனாள்.