எர்லிந்தாவின் கடிக்காத எலிகள்

எர்லிந்தாவின் உடல் கூடத்தில் கிடந்த அன்று, துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் குடிக்க ஏதாவது கலக்கலாம் என்று ஐஸ் தேடிப் போன அவள் தங்கை சோய்லா, மாடியில் இருந்த உறைபெட்டியைத் திறந்துவிட்டாள்.

"மாதாவே! ஒதிலியா, இங்க வாடி! இது என்னடி?"

மகள் ஒதிலியா மாடியேறிப் பார்த்தாள். "எலி, சித்தி. ஐஸ் கீழ இருக்கு."

"எலின்னு எனக்குத் தெரியாதா? அளவு பாத்து சோப்புக் கட்டி மாதிரி அடுக்கி வச்சிருக்காளே! பையில தேதி வேற!"

"மூடு சித்தி. குளிர் போயிடும்."

ஒதிலியாவுக்குக் குளிர்பதன இயந்திரம் பழுது பார்ப்பது தொழில். தாய் செத்த வீட்டிலும் அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான்.

தெவாகான் ஊரில் பாம்பு வளர்க்கிறவர்களுக்கு எர்லிந்தாவைத் தெரியும். அண்டை வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் அவளை ஜீன்ஸ் தைக்கிறவள் என்றுதான் நினைத்திருந்தார்கள். மீதிப் பேர் சூனியக்காரி என்றார்கள். இரண்டையும் அவள் மறுத்ததில்லை. பதினெட்டு வருடம் தையல் பட்டறையில் கால்சட்டைக்குப் பை வைத்துத் தைத்தவள்தான். அந்தக் காலத்தில் மாடி அறையில் வாடகைக்கு இருந்த கால்நடை மருத்துவ மாணவன் ஒருவன், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நான்கு வெள்ளெலிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான். திரும்பி வரவே இல்லை. நான்கு முப்பதானது. முப்பதையும் என்ன செய்வது என்று அவள் விழித்துக்கொண்டிருந்தபோது பாம்புக்காரன் ஒருவன் இரைக்கு எலி கேட்டுக் கதவைத் தட்டினான்.

அதிலிருந்து இருபத்திரண்டு வருடம். வெளியிலிருந்து ஒரு எலியைக்கூட உள்ளே விட்டதில்லை. கையைக் கடித்த எலி இனப்பெருக்கத்துக்கு ஆகாது, அதன் கூடப்பிறந்ததும் ஆகாது என்பது அவள் கணக்கு. விளைவு, அவள் எலிகள் கையை நீட்டினால் ஏறி உட்காரும். பெயர் மட்டும் எதற்கும் வைக்கவில்லை. உயிரோடும் விற்கமாட்டாள், கொன்று உறையவைத்துத்தான் கொடுப்பாள். பாம்பு எலியைப் பிடிப்பதைக் கைதட்டிப் பார்க்க வேண்டும் என்று வந்த இளவட்டங்களை, "சண்டை பாக்கணும்னா உங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போங்கடா" என்று அனுப்பிவிடுவாள்.

கடைசி மூன்று மாதம் அவளால் முடியவில்லை. வயிற்றில் வந்த புற்று முதுகுக்குப் போய்விட்டது. இருந்த பதினான்கு தாய் எலிகளும் வயது கடந்தவை. ஒன்பது மட்டும் கடைசியாக ஒருமுறை சினையாகியிருந்தன. படுக்கையில் கிடந்தபடி மகளிடம் அதை இரண்டு தடவை சொன்னாள்.

"இந்த ஈத்துலேருந்து பொட்டைங்கள எடுத்து வையி. இத விட்டா நம்ம எலி முடிஞ்சிது."

"சரிம்மா."

"சரின்னு சொல்லாத. எடுத்து வையி."

ஒதிலியா இரண்டு வாரம் மேலே போய்த் தீனியும் தண்ணீரும் வைத்தாள். வேறெதையும் தொடவில்லை, நேரமில்லை. தாய் போவதற்கு முந்தைய நாட்களில் ஒன்பதும் ஈன்றன. அடக்கம் முடிந்த மறுநாள் மாடிக் கதவைத் திறந்தபோது கண் எரிந்தது. மூத்திரத்து அம்மோனியா. எலியின் நுரையீரலை அது தின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். இயந்திரம் அழுக்கானால் என்ன செய்வாளோ அதையே செய்தாள். குட்டிகளைக் கிண்ணங்களில் எடுத்து வைத்துவிட்டு, எல்லாத் தொட்டிகளையும் பிளீச் ஊற்றித் தேய்த்து வெயிலில் காயவைத்து, புது மரச்சீவல் நிரப்பி, தாயையும் குட்டியையும் திரும்ப விட்டாள். பழைய சீவலை நான்கு கறுப்பு மூட்டைகளாகக் கட்டி வாசலில் வைத்தாள். காலையில் தொடங்கி மாலை ஆகிவிட்டது. அடக்கத்துக்குப் பிறகு உருப்படியாக ஒரு வேலை செய்தோம் என்று இருந்தது.

மறுநாள் காலை ஆறு தொட்டிகளில் குட்டிகள் இல்லை.

சீவலைக் கிளறிப் பார்த்தாள். சில இடங்களில் கொஞ்சம் ரத்தம். தாய்கள் மூலையில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தன. மீதி மூன்று தொட்டிகளில் குட்டிகள் இருந்தன, ஆனால் கூடு இல்லை. தாய்கள் குட்டியைக் கவ்வியபடி இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடிக்கொண்டிருந்தன. எண்ணினாள். இருபத்து மூன்று. தொட்டால் சில்லென்று இருந்தன.

அந்த நேரத்தில்தான் முடிதிருத்தும் ஹில்தார்தோ வந்தான். அவன் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மலைப்பாம்பு உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே அசையாமல் இருப்பார்கள் என்று பெருமையாகச் சொல்வான். அதன் முட்டைகள் பொரிந்திருந்தன. பதினொரு குட்டிக்கும் முதல் இரைக்கு எலிக்குட்டி வேண்டுமென்று எர்லிந்தாவிடம் போன மாதமே சொல்லி வைத்திருந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மாடியேறினான்.

"ஆறுதல் சொல்லத்தான் வந்தேன் தங்கச்சி. குட்டிய அப்புறமா..." நிறுத்தி மூக்கை உறிஞ்சினான். "என்ன இது, ஆஸ்பத்திரி மாதிரி வாசம் வருது?"

"கழுவினேன் அண்ணே."

"எத்தன தொட்டி?"

"எல்லாம்."

"எல்லாமா! ஒரே நாள்லயா?"

"பிளீச் போட்டு."

ஹில்தார்தோ தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்தான். "உங்கம்மா இருந்திருந்தா உன்னையே பிளீச்சுல முக்கி எடுத்திருப்பா. அவ ஒரு நாளைக்கு மூணு தொட்டிக்கு மேல தொடமாட்டா. அதுலயும் பழைய சீவல்ல ரெண்டு கை திரும்ப அள்ளிப் போடுவா. அதுங்க மூக்காலதான் வீட்டக் கண்டுபிடிக்குது. வாசம் போச்சுன்னா வேற எவன் வீட்டுக்கோ வந்துட்டோம்னு பயந்துடும். பயந்தா குட்டிய விட்டு வைக்காது, தின்னுடும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் வளத்துப் பாத்துத் தோத்தவன்தான். உங்கம்மா ஒரு வாரம் சிரிச்சா. இப்ப பழைய சீவல் எங்க?"

"வாசல்ல மூட்டையா வச்சிருக்கேன்."

குப்பை வண்டியின் கைமணி கேட்டது. வண்டி வாசலைக் கடந்து இரண்டு தெரு தாண்டிப் போயிருந்தது.

ஒதிலியா துக்கத்துக்குப் போட்ட கறுப்பு உடுப்போடும் வீட்டுச் செருப்போடும் ஓடினாள். வண்டியின் பின்னால் நின்றிருந்தவன் மணியை ஆட்டுவதை நிறுத்தினான்.

"நாலு மூட்டை. கறுப்பு. அத எடுத்துக் குடுங்க."

"குப்பைய எடுக்கலன்னு திட்டுவாங்க அம்மணி. எடுத்துட்டேன்னு ஓடி வர்ற மொத ஆள் நீங்கதான். உள்ள என்ன, நகையா?"

"எலி மூத்திரம்."

"என்னது?"

"மரச்சீவல். எலி மூத்திரம் நாறும், அத வச்சுக் கண்டுபிடிங்க."

"இந்த வண்டியில எது நாறல?" என்று சிரித்தவன் அவள் உடுப்பைப் பார்த்தான். "தையக்காரம்மா வீடா?"

"ஆமா. எங்கம்மா."

அவன் மணியை வண்டிக் கொக்கியில் மாட்டிவிட்டு மேலே ஏறினான். இரண்டு மூட்டைகள் வண்டியின் அழுத்தும் பொறியில் நசுங்கிவிட்டிருந்தன. இரண்டு கிடைத்தன. ஒன்றை அவனே தோளில் போட்டு வீடு வரை கொண்டுவந்தான். கூடத்தில் ஜெபமாலைக்கு வந்திருந்தவர்கள் நடுவே நாறுகிற மூட்டைகள் மாடியேறுவதை சோய்லா பார்த்தாள்.

"வெளிய போனத ஏன்டி உள்ள கொண்டுவர்ற? அதுவும் செத்த வீட்டுல!"

"அம்மாவோடது சித்தி."

சோய்லா நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள்.

மூன்று தொட்டியிலும் பழைய சீவலைத் தாராளமாகப் போட்டார்கள். குட்டிகளைக் கையில் வைத்துச் சூடேற்றி, அதே சீவலில் புரட்டி, ஒரே மூலையில் குவித்து, தொட்டிகளைத் துணியால் மூடினார்கள். ஹில்தார்தோ கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தான்.

"இதுல எனக்குப் பதினொண்ணு கெடைக்குமா?"

"இல்ல அண்ணே."

"என் பிள்ளைங்க இன்னும் மொத இரையே எடுக்கல."

"இது போனா அம்மாவோட எலியே இல்ல."

அவன் ஒரு தொட்டியின் துணி ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான். "பாம்பு பொறுத்துக்கும். சரி, வா. இனி மூணு நாள் தண்ணி வைக்க மட்டும் ஏறு. துணியத் தூக்கிப் பாத்தேன்னா எல்லாம் போச்சு."

எதையும் திறந்து பார்த்துத்தான் ஒதிலியாவுக்குப் பழக்கம். யாருக்கும் கேட்காத சத்தத்தைத் தேடி இயந்திரத்தில் காதை வைப்பவள். மூன்று நாளும் கூடத்தில் பெண்களோடு உட்கார்ந்து ஜெபம் சொன்னாள். கண் கூரையில் இருந்தது. அழுகை வரும் என்று எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. மேலே கீச்சென்று ஏதாவது கேட்டால் ஜெபத்தில் தவறினாள்.

நான்காம் நாள் துணியை எடுத்தாள். மூன்று தொட்டியிலும் கூடு கட்டியிருந்தது. ஒரு கூட்டில் மூன்று குட்டிகள் குறைந்திருந்தன, இன்னொன்றில் நான்கு. மீதிப் பதினாறும் தாயின் வயிற்றின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. குட்டிகளின் தோல் வழியே அவற்றின் வயிற்றில் பால் வெள்ளையாகத் தெரிந்தது. அப்போதுதான் அவள் அழுதாள். தாய் எலி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது.

இரண்டு வாரத்தில் ஆண் பெண் தெரிந்தது. ஏழு பெண், ஒன்பது ஆண். எர்லிந்தாவின் பழைய ஆண் எலிகளில் இரண்டு இன்னும் திடமாக இருந்தன. புது ஆண் தேவையில்லை. பால் மறந்ததும் பெண்களைத் தனித் தொட்டியில் விட்டாள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தாள். ஏழும் ஏறி உட்கார்ந்தன.

ஒன்பது ஆண்களுக்கும், எர்லிந்தா எலிகளைக் கொல்ல வைத்திருந்த பெட்டி. கரியமில வாயுக் குழாய் பொருத்திய அந்தப் பெட்டிக்கு வால்வு போட்டுக் கொடுத்தவள் அவள்தான், திறந்ததில்லை. பெட்டியின் பக்கத்தில் ஒரு முக்காலி கிடந்தது. அது எதற்கு என்று அவள் கேட்டதுமில்லை. வால்வை மெல்லத் திறந்தாள், வேகமாகத் திறந்தால் அவை மிரளும். பிறகு போய்விடலாம் என்று திரும்பியவளால் போக முடியவில்லை. முக்காலியில் உட்கார்ந்தாள். எல்லாம் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ஹில்தார்தோ வந்து பையை வாங்கி எண்ணினான்.

"ஒம்பது. மீதி ரெண்டு?"

"இல்ல அண்ணே."

"நீதான் செஞ்சியா?"

"ஆமா."

அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை மடித்தான். "அடுத்தது எப்ப?"

ஒதிலியா விரல்விட்டு எண்ணினாள். இவை வளர வேண்டும், சினையாக வேண்டும், ஈன வேண்டும்.

"மூணு மாசம் கழிச்சு வாங்க," என்றாள்.