ஒரு லட்சத்து மூன்று

பெரியதாழை பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அகலமான தோள், வெயிலில் கருத்த காது. எதிரே வந்த லாரிகளின் எண்களையெல்லாம் வாய்க்குள்ளேயே வகுத்துக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்டேன்.

"எட்டாப்பு படிக்கையில கணக்கு வாத்தியார் என்னைய வெயில்ல நிப்பாட்டுனாரு அண்ணாச்சி. ஒரு லட்சத்து மூணை மீதியில்லாம வகுக்குற எண்ணைச் சொல்லிட்டு உள்ள வாலேன்னாரு. மயங்கி விழுற வரைக்கும் வகுத்தேன். அது பகா எண்ணு, ஒண்ணையும் அதையும் விட்டா வேற எதாலயும் வகுபடாது. அவருக்கு அது தெரியும்."

அப்போது அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு முதியவரின் குரல் கேட்டது.

"ஏலே, இன்னைக்கும் மீதி வருதுலே. நெசமாவே வகுபடுமா?"

"வகுபடும் சார். விடாமப் போடுங்க."

போனை வைத்துவிட்டுச் சிரித்தார். பேசியது அந்த வாத்தியார்தான். போன வருடம் மாதா கோயில் வாசலில் அவரைப் பிடித்து, மூன்று வரி நீளத்துக்கு ஒரு எண்ணைக் கொடுத்து, அதை மீதியில்லாமல் வகுக்கிற எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார் இவர். இரண்டு பெரிய பகா எண்களைக் கம்ப்யூட்டரில் பெருக்கி எடுத்த எண். காகிதத்தில் வகுத்துப் பார்க்க ஆயுள் போதாது. முடியவில்லை என்று சொல்ல வாத்தியாரின் மானம் இடம் கொடுக்காது.

"அந்த ரெண்டு எண்ணும் உங்ககிட்ட இருக்கா?" என்றேன்.

"அழிச்சிட்டேன் அண்ணாச்சி. சாகுற நேரத்துல கேட்டாருன்னா, பாவம்னு நெனச்சு சொல்லிருவேன்லா."